இரவிற் பூக்கும் விருந்தாளி

முற்றத்து மாதுளை பூத்தால் காய்க்கும். வேலியோரத்து முருங்கை பூத்தால் காய்க்கும். பூவைக் கண்டவர் பிஞ்சை எதிர்பார்த்தல் இயல்பேயன்றோ? ஆனால், கண்ணைப் பறிக்கும் பூவைப் பூத்து, ஒரு பிஞ்சேனும் தங்காது உதிர்த்துவிடும் செடியொன்றைப் பற்றி இவ்வாரம் எழுதப் புகுகின்றோம். டிராகன் பழம் என்று கடைத்தெருவில் வழங்கும் பழத்தைத் தரும் கள்ளிச் செடியே அது. எமது கல்முனைக் கரையோர ஊர்களில் இதனை ஆசையோடு வளர்ப்போர் சிலர், இரண்டு மூன்று வருடம் காத்திருந்தும் பயன் காணாது மனஞ்சலித்திருப்பதை நாம் அறிவோம். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

சாய்ந்தமருதில் எமது வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு மூத்தம்மா இருக்கின்றார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தபோது, கரையோரத்தில் அவருக்கிருந்த வீடும் கிணறும் தென்னைகளும் ஒருங்கே போயின. இப்பொழுது அவர் வாழ்வது மகளுக்குக் கொடுத்த வீட்டில். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்து வைப்பதும், மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் எமது பகுதியின் வழக்கமாதலின், பெற்றவர்கள் முதுமையில் மகளுடைய வளவிலேயே ஓர் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்வர். அந்த வளவில் மூத்தம்மாவின் கைக்கென்று எஞ்சிய நிலம் குசினிக்குப் பின்னால் எட்டு முழம். அதிலே ஒரு கொங்கிறீற்றுத் தூண். தூணைப் பற்றியேறிய ஒரு டிராகன் செடி. அம்பாறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் உட்சதை சிவந்த பழத்தைத் தின்று சுவை கண்ட பேரன், அவ்வினத்தின் தண்டொன்றைக் கேட்டு வாங்கி வந்து நட்டது அது.

மூன்றாம் வருடம் பூ வந்தது. ஓரடி நீளம், பால் போன்ற வெண்மை, வளவெல்லாம் மணம். அயலார் வந்து பார்த்தனர். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படம் பிடித்தனர். ஐந்தாறு நாளில் பூவின் அடி மஞ்சளித்துக் கழன்று விழுந்தது. அடுத்த தடவை பூத்தவையும் அவ்வாறே விழுந்தன. கண்ணூறு பட்டுவிட்டது என்றனர் சிலர். பசளை போதாது என்றனர் வேறு சிலர். உப்புக் காற்று ஆகாது என்றனர் மற்றுஞ் சிலர். மூத்தம்மா எருவும் இட்டார், சாம்பலும் இட்டார். இருந்தும் ஒரு பிஞ்சு தங்கவில்லை.

அவருடைய மருமகன் முச்சக்கரவண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர். வண்டி வெயிலிலும் மழையிலும் வெளியிலேயே நிற்கின்றது. அதற்கொரு கொட்டகை போட அந்த எட்டு முழத்தை விட்டால் வேறிடமில்லை. “காய்க்காத மரத்துக்கு இடம் எதற்கு, மாமி?” என்று ஒரு நாள் அவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயமில்லை என்று எவர்தாம் கூற முடியும்? மூத்தம்மா மறுமொழி கூறவில்லை. அன்று மாலை எமது படலையடிக்கு வந்தார்.

“மகன், பத்திரிகையில மரஞ் செடியெல்லாம் எழுதுறீங்களே, எனக்கு இத மட்டும் சொல்லுங்க. பூக்குது, ஏன் காய்க்குதில்ல? இன்னும் ஒரு பூவுக்குத் தவணை கேட்டிரிக்கன்” என்றார்.

எமக்கு அப்பொழுது விடை தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும், ஒரு தடவை தவறு செய்தும் நாம் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகின்றோம்.

தனியே வந்த செடி

இச்செடியின் தாயகம் மெக்சிக்கோவும் அதனையடுத்த மத்திய அமெரிக்க நாடுகளும் ஆகும். எமது கடற்கரை மணலில் முள்ளோடு படர்ந்து கிடக்கும் நாகதாளியும் இதே கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயினும் நாகதாளியைப் போல் இது தரையிற் கிடப்பதன்று. தண்டிலிருந்து வேர் விட்டு மரத்தையும் பாறையையும் பற்றியேறும் இயல்பினது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் இதனை வியட்நாமுக்குக் கொண்டு சென்றனர் என்பர். பச்சை டிராகன் என்னும் பொருள்பட ‘தான் லோங்’ என்று அந்நாட்டார் இதற்குப் பெயரிட்டனர். பழத்தின் மேலே செதில் செதிலாக எழுந்து நிற்கும் தோலைப் பார்ப்போருக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். இந்தியாவின் குஜராத் மாநில அரசோ, பழத்தின் தோற்றம் தாமரையை ஒத்தது என்று கூறி, 2021ஆம் ஆண்டு ஜனவரியில் ‘கமலம்’ என்று புதுப்பெயர் சூட்டியது. தாவரவியலார் முன்னர் இதனை ஹைலோசீரியஸ் என்றழைத்தனர். 2017ஆம் ஆண்டிலே செலினிசீரியஸ் என்னும் இனத்தோடு சேர்த்தனர். செலினி என்பது கிரேக்கருடைய நிலாத் தெய்வத்தின் பெயர். பெயர்கள் பலவற்றுள்ளும் இதுவே செடியின் குணத்துக்கு மிகவும் ஏற்றது என்று நாம் எண்ணுகின்றோம். ஏனெனில், இது நிலாக் காலிக்கும் வேளையில் மலரும் பூ.

மஃரிபு வேளையில் மொட்டின் நுனி நெகிழத் தொடங்கும். இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது பாதி விரிந்திருக்கும். நள்ளிரவை அண்டி முற்றாக மலர்ந்து நிற்கும். சுபஹுக்குப் பின் வெயில் ஏற ஏறத் தலை சாய்ந்து வாடிவிடும். ஒரு பூவின் வாழ்வு ஒரே ஓர் இரவு. எமது நாட்டில் வீட்டார் கண்விழித்துக் காத்திருந்து பார்க்கும் கடுப்புல் மலரும் இக்குடும்பத்து உறவே. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இரவில் மலர்வதே.

இரவில் மலரும் பூ இரவில் நடமாடும் உயிர்களையே நம்பியிருக்கும். தாயகத்தில் இப்பூவின் தேனை நாடி வௌவால்களும், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகளும் வருகின்றன. ஒரு செடியின் மகரந்தப் பொடியை உடலில் பூசிக்கொண்டு மறு செடியின் பூவுக்குள் அவை நுழையும்போது கருக்கட்டல் நிகழ்கின்றது. மனிதன் செடியை மாத்திரம் பெயர்த்துக் கடல் கடந்து கொண்டு வந்தான். அதற்குத் தூது சென்ற பூச்சியையும் வௌவாலையும் கொண்டு வரவில்லை. எமது தேனீக்கள் விடியற்காலையில் இப்பூவை நாடுவதுண்டு. ஆயினும் அவை மகரந்தத்தை வாரிக்கொண்டு போகின்றனவேயன்றி, அதைச் சேர்க்க வேண்டிய இடத்திற் சேர்ப்பது தற்செயலாகவே நடக்கின்றது.

அதன் காரணம் பூவின் அமைப்பிலேயே உள்ளது. உள்ளே எட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள் மஞ்சட் பொடியைத் தலையிலே தாங்கி வட்டமாக நிற்கும். அவையே கேசரங்கள், பொடியே மகரந்தம். அவற்றின் நடுவிலிருந்து சற்றுத் தடித்த ஒரு தண்டு நீண்டு, நுனியில் பல விரல்களாகப் பிரிந்து, விண்மீன் போலக் காணப்படும். பள்ளிக்கூடத்துத் தாவரவியற் புத்தகங்கள் இந்நுனியைக் ‘குறி’ என்னும். மகரந்தம் இக்குறியிற் படிந்தாலே பிஞ்சு உண்டு. குறியோ பெரும்பாலும் கேசரங்களை விடச் சற்று வெளியே நீண்டு நிற்கின்றது. எனவே, பூ தன் பொடியைத் தானே தன் குறியிற் சேர்த்துக்கொள்வது அரிது.

நாம் செய்த தவறு

இவ்வளவையும் படித்தறிந்த பெருமிதத்தோடு, அடுத்து இரண்டு மொட்டுகள் மலர்ந்த இரவில் மூத்தம்மாவின் வளவுக்குச் சென்றோம். ஒரு பூவின் பொடியை மறு பூவின் குறியிலும், அதன் பொடியை இதன் குறியிலும் தூரிகையால் தடவினோம். போதாக்குறைக்கு, எதிர் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அன்றிரவே பூத்த பூவிலிருந்தும் பொடி கொண்டுவந்து பூசினோம். ஆறாம் நாள் இரண்டு பூக்களும் மஞ்சளித்து விழுந்தன. மூத்தம்மா விழுந்த பூக்களைப் பொறுக்கி வேலியோரம் போட்டாரேயன்றி எம்மை ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எமக்குப் பெரும் வெட்கமாயிற்று.

தவறு யாதெனில், எதிர்வீட்டுச் செடி மூத்தம்மா தம் செடியிலிருந்து வெட்டிக் கொடுத்த தண்டிலிருந்து வளர்ந்தது. தண்டிலிருந்து முளைத்த செடி வேறொரு செடியன்று. பழைய செடியே இன்னோர் இடத்தில் நிற்கின்றது, அவ்வளவுதான். சிவந்த சதையுள்ள இனங்களிற் பல, தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. பொடி குறியிற் படிந்தாலும் செடி அதனைத் தன்னுடையதென இனங்கண்டு தடுத்துவிடுகின்றது. இஸ்ரேல் நாட்டின் பாலைவனப் பகுதியில் இப்பழத்தைப் பயிராக்க முயன்ற பென்குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர் 1994இல் வெளியிட்ட ஆய்வில் இதனைத் தெளிவாக எழுதினர். வெண்சதையுள்ள பொது இனம் தன் பொடியை ஏற்கும். சிவந்த இனங்களுக்கோ வேறோர் இனத்தின் பொடி வேண்டும். ஆக, மூத்தம்மாவின் செடிக்குக் குறைவாயிருந்தது எருவுமன்று, நீருமன்று; உறவில்லாத இன்னொரு செடியே.

பூவுக்குத் தூது சென்ற கைகள்

பூச்சி செய்ய வேண்டிய வேலையை மனிதன் செய்வது இயற்கைக்கு மாறானதன்றோ என்று சிலர் ஐயுறலாம். இது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பாளையை வெட்டிப் பெண் பாளையின் நடுவிலே வைத்துக் கட்டுவதை ஈராக், அரேபியா முதலிய நாட்டார் தொன்றுதொட்டுச் செய்து வருகின்றனர். ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி மன்னனின் சட்டத்தொகுதியில், பேரீச்சந் தோப்பைக் கருக்கட்டச் செய்வதற்காகத் தோட்டக்காரனிடம் ஒப்படைப்பது பற்றிய விதியும் காணப்படுகின்றது. காத்தான்குடிப் பிரதான வீதியிலே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் கண்டவர்கள், அம்மரத்தின் இந்த இரகசியத்தையும் அறிந்திருத்தல் நன்று.

இன்னொரு வரலாறு இதைவிட எமது கதைக்கு நெருங்கியது. வனிலாக் கொடியும் மெக்சிக்கோவிலிருந்து வந்ததே. இந்து சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவில் பிரெஞ்சுக்காரர் அதனை நட்டனர். கொடி செழித்தது, பூத்தது, காய்க்கவில்லை. பண்டிதர்கள் கைவிட்ட அக்கொடியை 1841இல் காய்க்க வைத்தவன் எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவன் ஓர் அடிமை. பூவின் உள்ளே ஆண் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் இடையிலிருந்த மெல்லிய தடுப்பை ஒரு சிறு குச்சியால் உயர்த்திப் பெருவிரலால் இரண்டையும் சேர்த்து அழுத்தினான். இன்றும் உலகமெங்கும் வனிலாத் தோட்டங்களில் அச்சிறுவன் கண்ட முறையே கையாளப்படுகின்றது. 1848இல் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டபோது அவன் விடுதலை பெற்று அல்பியஸ் என்னும் குடும்பப் பெயரைப் பெற்றான். ஆயினும் தன் கண்டுபிடிப்பால் ஒரு செல்வமும் பெறாது 1880இல் வறுமையிலே மாண்டான். வனிலாவின் மணத்தை நுகரும்போது அவனையும் நினைத்தல் தகும்.

காரைதீவிலிருந்து ஒரு பொட்டலம்

மூத்தம்மாவின் செடிக்கு உறவில்லாத மகரந்தம் எங்கே கிடைக்கும் என்று தேடினோம். காரைதீவில் எமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் வெண்சதை இனம் நிற்பதாக அறிந்தோம். சாய்ந்தமருதையும் காரைதீவையும் பிரிப்பது மாளிகைக்காடு மாத்திரமே; சைக்கிளில் சிறிது நேரப் பயணம். ஆனால் அந்தச் சிறு தூரத்தைக் கடக்க இரு பக்கத்தாரும் அஞ்சிய காலங்களும் இருந்தன என்பதை எமது வயதினர் மறக்கவியலாது. ஆசிரியரிடம் விடயத்தைக் கூறினோம். “பூ விரிகிற அன்று நானே சொல்லியனுப்புகிறேன்” என்றார்.

அவருடைய செடியில் பூ விரிந்தது ஒரு வியாழக்கிழமை இரவு. மூத்தம்மாவின் செடியில் மூன்று மொட்டுகள் மறுநாள் விரியும் நிலையில் இருந்தன. ஒரே இரவில் பூத்திருந்தால் வேலை எளிது. ஒரு நாள் முந்தியமையால் பொடியைப் பத்திரப்படுத்த வேண்டியதாயிற்று. ஆசிரியர் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பூவைச் சாய்த்துத் தட்டி, மஞ்சட் பொடியைச் சேர்த்துப் பொட்டலமாக மடித்து, ஒரு சிறு போத்தலில் இட்டு மூடித் தந்தார். “ஈரம் படாமல் கொண்டு போங்கோ, தம்பி. பழம் வந்தால் எனக்கும் ஒன்று வர வேணும்” என்றார். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் அப்போத்தல் ஒரு பகலைக் கழித்தது. காய்ந்த பொடியை இவ்வாறு சில நாட்களுக்கு வைத்திருக்கலாம்; ஈரம் பட்டால் பயனில்லை.

மறுநாள் இரவு ஒன்பதரை மணி. மருமகன் அப்பொழுதுதான் ஓட்டம் முடித்து வந்திருந்தார். அவரே ரோச் லைற்றைப் பிடித்தார். எமது தூரிகையை மூத்தம்மா ஏற்கவில்லை. “என்ட விரலே போதும்” என்று கூறிக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, சுட்டுவிரல் நுனியிலே பொடியைத் தொட்டு, குறியின் விரல்கள் ஒவ்வொன்றிலும் குழந்தைக்கு மையிடுவதுபோல் பூசினார். இரண்டு பூக்களுக்குப் பொடி சரியாயிருந்தது. மூன்றாவது பூவுக்குப் போதவில்லை. அதனை அதன் போக்கிலே விட்டோம்.

ஐந்தாம் நாள் காலை மூன்றாவது பூவின் அடி மஞ்சளித்தது. ஏழாம் நாள் விழுந்தது. மற்ற இரண்டின் இதழ்களும் வாடிக் கருகித் தொங்கினவேயன்றி, அடி பச்சையாகவே நின்றது. பத்தாம் நாள் அது பருத்தது. “தங்கிட்டு” என்று மூத்தம்மா கூறிய அவ்வொரு சொல்லில் எத்தனை வருடத்து ஏக்கம் இருந்ததென்பதை எழுத்திற் காட்ட எம்மால் இயலாது.

செய்யும் முறை

இவ்வேலையை மேற்கொள்ள விரும்பும் இல்லத்தரசிகளுக்கு முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். மொட்டு பருத்து, வெளியிதழ்கள் மெல்ல விலகத் தொடங்கினால் அன்றிரவே மலரும் என்று கொள்ளலாம். இரவு எட்டு மணிக்குப் பின் உலர்ந்த கிண்ணமொன்றைப் பூவின் கீழே பிடித்துக் கேசரங்களைத் தட்டினால் பொடி உதிரும். மென்மையான தூரிகை கொண்டோ, பஞ்சு சுற்றிய குச்சி கொண்டோ, உலர்ந்த விரல் கொண்டோ அப்பொடியை வேறு இனத்துப் பூவின் குறியிலே தாராளமாகப் பூசவேண்டும். இரவில் விழித்திருக்க இயலாதவர் சுபஹுத் தொழுகை முடிந்தவுடன் செய்யலாம். வெயில் ஏறிப் பூ குவிந்துவிட்டால் வாய்ப்புக் குறையும். மழை இரவானால் பூவின் மேலே ஒரு குடையோ தாட் கூடோ வேண்டும்.

‘தாராளமாக’ என்று கூறியதற்குக் காரணம் உண்டு. பழத்தின் சதையிலே எள்ளுப் போன்ற கருவிதைகள் இறைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு விதை உருவாவதற்கும் ஒரு மகரந்த மணி வேண்டும். விதை பெருகினால் அதைச் சூழ்ந்த சதையும் பெருகும். பொடியைச் சிக்கனமாகத் தடவினால் கையளவுப் பழமே கிடைக்கும்.

வளவிலே ஒரு செடிக்கு மேல் இடமில்லாதவர்கள், தன் பொடியைத் தானே ஏற்கும் இனத்தின் தண்டைக் கேட்டு வாங்குதல் நலம். இரண்டுக்கு இடமுண்டாயின் வெண்சதை இனம் ஒன்றும் செஞ்சதை இனம் ஒன்றும் நடுக. அதற்கும் இயலாதாயின், அயல்வீட்டார் ஓர் இனமும் நீங்கள் மற்றோர் இனமுமாக வைத்துக்கொண்டு பொடியை மாற்றிக்கொள்ளலாம்.

கரையோர மணலில் வளர்ப்பு

எமது கரையோரத்தில் இச்செடிக்கு அனுகூலமும் உண்டு, ஆபத்தும் உண்டு. மணல் நீரைத் தேக்காது. கள்ளிக்கு அது உகந்தது. ஆனால் மணலில் சத்துத் தங்காது. ஆகவே இரண்டடி அகலக் குழி வெட்டி, மக்கிய மாட்டெருவோ ஆட்டெருவோ கூட்டெருவோ மணலோடு கலந்து நிரப்புக. தும்புத்தூள் சேர்ப்பதானால், உப்புப் போகும் வரை நல்ல நீரில் அலசிய பின்னரே சேர்க்க வேண்டும். கிணற்று நீர் உவர்க்குமாயின் இச்செடிக்கு ஆகாது. மாரியில் வாடைக் காற்றோடு வரும் அடைமழைக்கு வளவில் நீர் நிற்குமிடங்களில், ஓரடிக்கு மேடு எழுப்பி அதிலே நடுக; நீர் தேங்கினால் தண்டின் அடி அழுகிவிடும்.

முதிர்ந்த தண்டில் ஓரடி முதல் ஒன்றரையடி வரை வெட்டி, வெட்டுவாய் உலர ஒரு வாரம் நிழலிலே போட்டு வைத்துப் பின் நடவேண்டும். நிலத்துக்கு மேலே ஐந்தடி நிற்கும் கொங்கிறீற்றுத் தூண் ஒன்றுக்கு மூன்று தண்டுகள் போதும். பழைய சாரன் துணியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டுக. கம்பி தண்டை அறுக்கும். தூணின் உச்சியில் பழைய மோட்டார்ச் சைக்கிள் ரயர் ஒன்றைப் பொருத்தி, தண்டு அதற்கு மேலேறியதும் நுனியைக் கிள்ளிவிட்டால், கிளைகள் பல கிளைத்து ரயரின் மேலாகக் குடைபோலத் தொங்கும். அவ்வாறு தொங்கும் கிளைகளிலேயே பூ மிகுதியாக வரும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் இளஞ்செடிக்குத் தென்னோலை நிழலும், வாரத்துக்கு ஒன்றிரு முறை நீரும் வேண்டும்.

பூத்த நாளிலிருந்து ஒரு மாதமளவில் காய் சிவக்கும். சிவந்தவுடன் பறித்துவிடாது நான்கைந்து நாள் விட்டுப் பறித்தால் இனிப்பு நிறையும். பறித்த பின் இப்பழம் மேலும் இனிப்பதில்லை. அணிலும் பறவையும் வௌவாலும் உங்களுக்கு முன் சுவை பார்த்துவிடும் என்பதால், காய் நிறம் மாறும்போதே வலைத்துணியாலோ தாட்பையாலோ மூடிவிடுக. செஞ்சதைப் பழத்தை உண்டவருக்கு மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகக்கூடும். அது பீற்றூட்டிலும் உள்ள வகைச் சாயமே, அஞ்ச வேண்டியதில்லை. இதனை முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லிவைத்தல் நன்று.

இரண்டு பழங்கள்

முப்பத்து நான்காம் நாள் மூத்தம்மா தம் கையாலேயே பழங்களை வெட்டினார். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றை எட்டுத் துண்டாக்கி வீட்டிலுள்ளோருக்கும் எமக்கும் தந்தார். தமக்கெடுத்தது கடைசித் துண்டு. மற்றதைச் சுத்தமான துணியிற் சுற்றி மருமகனிடம் கொடுத்து, “இது காரைதீவு வாத்தியாருக்கு” என்றார். முச்சக்கரவண்டி அன்று முதல் ஓட்டமாகக் காரைதீவுக்குப் போயிற்று. திரும்பி வரும்போது வண்டியிலே வெண்சதை இனத்தின் இரண்டு தண்டுகள் இருந்தன.

கொட்டகை என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்பீர்கள். அதுவும் எழுந்தது. வண்டிக்கு மழை படக்கூடாதென்பது உண்மைதானே! ஆனால் அதன் கூரை குசினிப் பக்கமாக ஒதுங்கி, மூன்று முழ இடத்தை விட்டு நிற்கின்றது. அம்மூன்று முழத்தில் பழைய தூணும், அதன் அருகே புதிதாக நாட்டிய இன்னொரு தூணும் உள்ளன. புதுத் தூணுக்குக் குழி வெட்டியவர் மருமகனே. எட்டு முழம் மூன்றாகக் குறைந்ததில் மூத்தம்மாவுக்கு வருத்தம் இல்லாமலில்லை. ஆயினும் அம்மூன்று முழம் தம்முடையது என்பதில் இனி எவருக்கும் ஐயமில்லை.

வெண்சதைத் தண்டுகள் வேரூன்றிப் பூக்க இன்னும் காலம் செல்லும். அதுவரை பொடிக்குக் காரைதீவுக்கே செல்லவேண்டும். கடந்த வாரம் மாலையில் அவ்வழியே போனபோது மூத்தம்மா தூணடியில் நின்று மொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். “அஞ்சு இரிக்கி, மகன். வாத்தியாருக்குச் சொல்லி வைங்க” என்றார். சொல்லிவிட்டோம்.